ஹெலன் வீட்டுச் சேவலின் மறு ஏலம்

ஆம்பூரில் ஹெலனைத் தெரியாதவர்கள் உண்டு. அவள் வளர்க்கும் சேவலைத் தெரியாதவர்கள் அவளுடைய திருச்சபையில் கிடையாது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அங்கே அவள் வெறும் டோக்கன் நம்பர்தான். ஆனால் அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கியதும், அவள் சேவலைப் பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டுவார்கள்.

மகள் தமிழினி கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலிலிருந்து பிழைத்தாள். அப்போது ஹெலன் செய்த பொருத்தனை அது: வருடத்துக்கு ஒரு சேவல். முதல் வருடம், கடையில் இருநூறு ரூபாய் பெறும் சேவலை ஒருவர் எழுநூறுக்கு ஏலம் எடுத்தார். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, மறு ஏலம் விடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவர் அறுநூறுக்கு எடுத்து அவரும் திருப்பிக் கொடுத்தார். ஒரே சேவல் மூன்று முறை விலைபோய், கோயிலுக்கு வெள்ளையடிக்கப் பணம் சேர்ந்தது. ஹெலனுக்கு அன்று ஏறிய தலைக்கனம் பல வருடம் இறங்கவேயில்லை.

விலைவாசியும் இறங்கவில்லை. நூற்றைம்பதில் இருந்த ஆட்டுக்கறி முந்நூறு, ஐந்நூறு என்று போய் இப்போது கிலோ தொள்ளாயிரத்தில் நிற்கிறது. ஒரு காலத்தில் அறுபது ரூபாய்க்குக் கூவிக்கூவி விற்ற கட்லா மீன்கூட இருநூறைத் தாண்டிவிட்டது. நாட்டுக்கோழி ஐந்நூறு. ஏலத்தில் கேட்கிற விலை மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. சம்பளம் ஏறினால்தானே காணிக்கை ஏறும்! கடை விலை பின்னாலேயே வந்து ஒரு வருடம் ஏல விலையைத் தாண்டிப் போய்விட்டது. அதன் பிறகு, கோயிலுக்குக் கொடுக்க வந்தவர்கள் குறைந்து, கடையைவிடக் கம்மியாகக் கிடைக்குமா என்று பார்க்க வந்தவர்கள் கூடினார்கள்.

ஹெலனின் சேவலை அப்படி முதலில் வீட்டுக்குக் கொண்டுபோனவள் பக்கத்துத் தெரு அமிர்தவள்ளி. ஆறு வருடம் ஆகிறது. ஹெலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆண்டவர் சொத்த கொழம்பு வெச்சித் தின்னா ஜீரணமாவுமா?" என்று பத்துப் பேர் காதில் விழும்படி கேட்டாள். அமிர்தவள்ளி சேவலை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று முதல் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுகிறார்கள், பேசுவது மட்டும் இல்லை.

இந்த வருடம் பண்டிகை அன்று சாயங்காலமே தமிழினிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் ஆலங்காயத்திலிருந்து விருந்து சாப்பிட்டுக் கை நனைக்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு பேர். கறிக்கென்று ஹெலனிடம் இருந்தது ஆயிரத்தைந்நூறு ரூபாய். அந்தப் பணத்துக்கு ஆட்டுக்கறி ஆளுக்கு இரண்டு துண்டு வருவதே கஷ்டம். கடையில் நாட்டுக்கோழியும் மூன்று கிலோவுக்கு மேல் வராது. பிராய்லர் வாங்கலாம்தான். ஆனால் முதன்முதலாக வரும் சம்பந்திக்குப் பிராய்லர் வைத்தால், அந்தப் பேச்சு தமிழினிக்குப் பிள்ளை பிறந்த பிறகும் ஓயாது. வீட்டுக்குப் பின்னால் மூன்றரை கிலோவில் ஒரு சேவல் கொழுகொழுவென்று நின்றது. அது ஆண்டவருக்கு நேர்ந்தது.

"சேவல நாமளே வெச்சிக்கலாம். கோயிலுக்குக் கவர்ல பணம் போட்டுக் குடுத்துடு" என்றான் கணவன் ஜெயப்பிரகாஷ்.

"நான் ஆண்டவர்கிட்ட சேவல்னுதாங்க சொன்னேன், கவர்னு சொல்லல. போன வருசம் ஆயிரத்து முந்நூறுக்குத்தான போச்சு? நானே ஏலத்துல எடுத்துக்கினு வர்றேன்."

ஏலத்தில் ஹெலன் கை தூக்கியதும் கூட்டம் சிரித்தது. எதிர்த்துக் கேட்டவர் கம்பெனி கேட் பக்கம் மெஸ் வைத்திருக்கும் தனகோடி. ஐந்நூறில் தொடங்கி நூறு நூறாக ஏறியது. ஆயிரத்து நானூறு என்றார் தனகோடி.  ஹெலன் கையில் இருந்ததே ஆயிரத்தைந்நூறுதான்.

"ஆயிரத்தி ஐந்நூறு!"

தனகோடி மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத் தலையாட்டினார். "அதுக்கு மேல வாங்கினா எனக்குப் பிளேட்டுக்குப் பத்து ரூபாகூட நிக்காது. வுட்டுடுங்க."

ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஜீவா மூன்று தரம் சொல்லி முடித்தான். அத்தோடு விட்டானா? "பாத்தீங்களா! குடுத்த கையே திரும்பவும் குடுக்குது. எத்தினி வருசம் ஆச்சு இப்டி ஒருத்தரப் பாத்து! அக்கா, மறு ஏலந்தான?"

எல்லோரும் கை தட்டினார்கள். கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் அவள் கேட்டாள் என்று நினைத்துவிட்டார்கள். ஹெலனுக்கு முகம் எரிந்தது. சரி என்று சொன்னால் பழைய பெருமை மொத்தமும் திரும்பி வரும், ஆனால் சாயங்காலம் பிராய்லருக்கே கடன் வாங்க வேண்டும். கூட்டத்தில் அமிர்தவள்ளியும் நின்றிருந்தாள்.

"இல்லப்பா. வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்" என்றாள் ஹெலன். "கொழம்புக்கு."

கைதட்டல் நின்றுபோனது. ஜீவா அவசரமாக அடுத்த காணிக்கையான பூசணிக்காயைத் தூக்கினான். ஹெலன் பணத்தைக் கட்டிவிட்டுச் சேவலோடு கேட்டருகே வந்தபோது, அமிர்தவள்ளி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இனி பார்க்காததுபோலப் போக முடியாது.

"அக்கா, நான் அன்னிக்கு அப்டிப் பேசியிருக்கக் கூடாது. உங்க வூட்ல இன்னா விசேஷமோ, யாருக்கு இன்னா கஷ்டமோ, எதுவும் தெரியாம..."

"விசேஷம் ஒண்ணும் இல்ல ஹெலனு" என்றாள் அமிர்தவள்ளி. "புள்ளைங்க கறி கேட்டுதுங்க. கடையில வாங்க முடியல. அவ்ளோதான்."

சம்பந்தி வருகிறார்கள் என்று சொல்லிக்கொள்ள ஹெலனுக்காவது ஒரு சாக்கு இருந்தது. 

அமிர்தவள்ளி சேவலை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"எத்தினி பேரு?"

"பன்னெண்டு. நம்ம வூட்டு ஆளுங்க வேற."

"பத்தாது. உருளக்கெழங்கு போட்டுக் கொழம்ப நீட்டணும். அன்னிக்கு அப்டித்தான் நீட்டினேன், புள்ளைங்க ரெண்டு நாளு சாப்டுச்சிங்க" என்று சொல்லிவிட்டு, அமிர்தவள்ளி சேவலோடு ஹெலன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.