காய்ச்சல் பட்டியலில் ஐந்து பேர்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பணிப் பதிவேட்டுக்குள் மட்டும்தான் உயிரோடிருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க அவள் 'ஏன் டீச்சர்'. மழை வந்தால், ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கு முன்னால், "மழை ஏன் மேலேருந்து கீழ வருது? கீழேருந்து மேல போகக்கூடாதா?" என்று கேட்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்ட வழக்கம் அது. "பொம்பளைப் பிள்ளை இவ்வளவு கேள்வி கேக்கக் கூடாது" என்று வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் சொன்னபோது, "ஏன் மாமா?" என்று கேட்டாள்.  அதிலிருந்து மாமா வீட்டுப் பக்கம் வருவதே குறைந்துபோயிற்று.

அவள் வேலை நிரந்தரமில்லை. ஒவ்வோர் ஆண்டும் தலைமையாசிரியரான பெரிய சார் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டும் அவள் விரலில் சாக்பீஸ் தூள் ஒட்டும். இந்த ஆண்டுத் தாள், பெரிய சாரின் மேசைமேல், கண்ணாடிக் குண்டுக்கு அடியில், நான்கு வாரமாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வாளர் வருகிறார் என்ற சேதி வந்தது.

ஆய்வாளர் வருகிறார் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பூந்தொட்டிகளை இரவல் வாங்கி வாசலில் நிறுத்துவார்கள். அப்புறம் காய்ச்சல் வரும். எந்த மருத்துவரும் பார்த்திராத காய்ச்சல் அது. மூன்று நாளுக்கு முன்பே தேதி சொல்லிவிட்டு வரும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையின் பக்கம் தலைவைத்துப் படுக்காது. எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற பிள்ளையை மட்டும் வீடு தேடிப் போய்ப் பிடிக்கும். ஆய்வாளரின் வண்டி தெருமுனை திரும்பியதும் தானாக இறங்கிவிடும்.

"உங்க வகுப்புல யார் யாருக்கும்மா காய்ச்சல்?" என்று பெரிய சார் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"யாருக்கும் இல்லையே சார். எல்லாரும் குதிச்சுக்கிட்டு இருக்காங்க."

"அம்மா, புரியாத மாதிரி பேசாதீங்க. கடைசி பெஞ்சு அஞ்சு பேரும் நாளைக்கு வரவேண்டாம். பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல?"

"படிக்க வர்ற பிள்ளைய வராதேன்னு சொல்றதுல என்ன சார் மானம்? தெரியாததாலதானே அதுங்க இங்க வருது? தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பள்ளிக்கூடம்னா, நோயில்லாதவங்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரி நடத்தலாமே!"

பெரிய சார் கண்ணாடிக் குண்டை ஒருமுறை உருட்டிக் காட்டினார். "உங்க தாள் இங்கதான் இருக்கு. ஞாபகம் வெச்சுக்கோங்க."

"ஞாபகம் இருக்கு சார். ஆனா அந்த அஞ்சு பேரையும் நான் எழுத மாட்டேன். பிள்ளைங்க வந்தா திருப்பியும் அனுப்ப மாட்டேன்."

பெரிய சார் எதையும் முன்கூட்டியே முடித்துவைக்கிற மனிதர். அட்டெண்டரை அனுப்பி ஐந்து வீட்டுக்கும் சொல்லிவிட்டார். அத்தோடு நின்றாரா? மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வாங்கி, மறுநாள் கட்டத்தில், ஐந்து பெயருக்கு நேராகவும் சிவப்பு மையில் 'காய்ச்சல்' என்று அன்றைக்கே எழுதியும் வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் கணவரின் சைக்கிள் கடைக்குப் போனாள். "ஏங்க, கனமான இரும்புக் குழாய் ஒண்ணு வேணும். இதோ, முழங்கை நீளத்துக்கு."

"யார் மண்டையில போட?"

"போடறதுக்கு இல்ல, தூக்கறதுக்கு. நெம்புகோல் பாடம். எங்க வகுப்புக் குண்டூசிப் பொண்ணை வெச்சு ஒரு பெரிய ஆளைத் தூக்கப் போறேன்."

அவர் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தினார். "வேலை போச்சுன்னா?"

"போச்சுன்னா உங்க கடைக்கு வந்து பஞ்சர் ஒட்டறேன்."

"ஐயோ வேணாம்மா! டியூப் ஏன் ஓட்டையாச்சுன்னு வர்றவன் போறவனையெல்லாம் நிக்கவெச்சுக் கேப்ப. கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்லி, இருந்ததிலேயே தடித்த குழாயாகப் பார்த்துத் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை, தலை படிய வாரி, முகமெல்லாம் பவுடரோடு, காய்ச்சல்காரர்கள் ஐந்து பேரும் முதல் ஆளாக வந்து நின்றார்கள். வகுப்பிலேயே மெலிந்த பெண்ணைத்தான் குண்டூசி என்பார்கள். எடை பதினெட்டுக் கிலோ. 'நாளைக்கு நம்மள்லயே ஒல்லியான ஆள் ஒரு பெரிய ஆளைத் தூக்கப் போறாங்க' என்று டீச்சர் முந்தின நாளே சொல்லியிருந்தாளே! நிஜக் காய்ச்சலே வந்திருந்தாலும் குண்டூசி வீட்டில் தங்கியிருக்க மாட்டாள்.

"உங்க வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"அம்மா நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க டீச்சர். 'குழாய்த் தண்ணி மாதிரி இருக்கு, காய்ச்சலாம் காய்ச்சல், போடி பள்ளிக்கூடத்துக்கு'ன்னு தள்ளி விட்டுட்டாங்க."

பெரிய சார் அவர்களைப் பார்த்த வேளையில் ஆய்வாளர் வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆள் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. நான்கு பள்ளிக்கூடங்களில் ஒரே கேள்விக்கு ஒரே ராகத்தில் பதில் கேட்டுக் கேட்டு, கொட்டாவியை மூக்கு வழியாக விடப் பழகியிருந்தார். வகுப்புக்குள் வந்து, பதிவேட்டைப் புரட்டி, பிள்ளைகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"ரெஜிஸ்டர்ல வந்தவங்க இருபத்தேழு பேர். இங்க முப்பத்திரண்டு தலை இருக்கே! யார் அந்த அஞ்சு பேர்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் துள்ளி எழுந்தான். வாய் மூடாதவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "நாங்கதான் சார் அந்தக் காய்ச்சல்!"

ஆய்வாளர் போய் ஐந்து நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். ஆறாவதாக ஒரு பையன் ஆசைப்பட்டு நெற்றியை நீட்ட, அதையும் தொட்டார். பிறகு டீச்சரிடம் திரும்பினார். "ஏன்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தங்கள் டீச்சரின் சொல்லை எடுத்து டீச்சரிடமே ஒருவர் வீசியதை அவர்கள் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக் குண்டும் தாளும் கண்ணுக்குள் வந்து நின்றன. பெரிய சார் கதவருகில் 'வேண்டாம்' என்று இமையாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். ஊரையே ஏன் ஏன் என்று குடைந்தவள், தன்னை நோக்கி ஒரு ஏன் வந்தால் ஓடி ஒளிவதா?

"இவங்களுக்குப் பதில் தெரியாதுன்னு நேத்தே காய்ச்சல்னு எழுதிட்டாங்க சார். நான் எழுதல. எழுதினது தப்பு."

 ஆய்வாளர் குண்டூசியைப் பார்த்தார். "ஏழெட்டு எவ்வளவு?"

"தெரியாது சார்" என்றாள் பளிச்சென்று. "ஆனா உங்களைத் தூக்கத் தெரியும்."

கொட்டாவி அப்போதுதான் ஒழிந்தது. "என்னையா?"

முற்றத்தில் பன்னிரண்டு அடிப் பலகை தயாராக இருந்தது. முதலில் குழாயைப் பலகைக்கு அடியில் நடுவில் வைத்தார்கள். ஆய்வாளர் ஒரு முனையில் ஏறியதும் குண்டூசி மறுமுனையில் விருட்டென்று மேலே போய்க் காலை உதைத்துச் சிரித்தாள். பள்ளிக்கூடமே ஜன்னல் கம்பியில் தொங்கியது. "இப்ப குழாயைத் தள்ளுங்க!" என்றாள் டீச்சர், இருவரையும் இறக்கிவிட்டு. ரேடியோவும் கூட்டாளிகளும் ஆய்வாளரின் முனைக்குப் பக்கம்வரை குழாயை உருட்டிக்கொண்டு போனார்கள். அவர் மறுபடி ஏறி நின்றார். "ம், குண்டூசி, கடைசி நுனிக்குப் போ!"

குண்டூசி நுனியில் உட்கார்ந்தாள். பலகை முனகியது. தொண்ணூறு கிலோ அரசாங்கம் அசைந்து, நடுங்கி, மெல்ல எழுந்தது. ஆய்வாளர் "அடடடடா!" என்று பெரிய சாரின் தோளைப் பிடித்தார். கோப்பு பறந்தது. முற்றத்தில் எழுந்த கூச்சலில் அட்டெண்டர் எதற்கென்றே தெரியாமல் மணியடித்துவிட்டார்.

"இறங்கிடாதே பாப்பா! எப்படித் தூக்கின?"

"கடைசியில உக்காந்தா பலம் ஜாஸ்தி சார். நாங்க அஞ்சு பேரும் எப்பவும் அங்கதானே உக்கார்றோம்!"

ஆய்வாளர் சிரித்த சிரிப்பில் பலகை இரண்டு முறை தரையைத் தட்டி மறுபடி எழுந்தது. மேலே நின்றபடியே சொன்னார்: "சார், பதிவேட்டைக் கொண்டாங்க. அஞ்சையும் திருத்துங்க. திருத்தினதுக்குக் காரணம் எழுதணும். உள்ளது உள்ளபடி. கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

பெரிய சார் முற்றத்திலேயே, தூணில் பதிவேட்டைச் சாய்த்து எழுதினார்: 'காய்ச்சல் இல்லை. நான் தவறாக எழுதினேன்.' ஐந்து முறை எழுதினார். ஐந்து பேரும் எட்டி எட்டிப் பார்த்து, தங்கள் வரி முடிந்ததும் தலையாட்டினார்கள்.

மாலை மணி அடித்ததும் அவள் நேராகப் பெரிய சார் அறைக்குப் போனாள். "என் தாள்ல ஏன் சார் இன்னும் கையெழுத்து விழல?"

"போட முடியாதுன்னு சொன்னா?"

"தாராளமா சொல்லுங்க. காரணம் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. உள்ளது உள்ளபடி."

பெரிய சார் பேனாவைப் பார்த்தார். அன்றைக்கு எழுதிய காரணங்களே விரல் மடிப்பில் இன்னும் வலித்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக் குண்டை நகர்த்தி, பேனா கிழித்துவிடும்போல ஒரு கையெழுத்தை இழுத்து, தாளைத் தள்ளினார்.

அவள் தாளோடு வெளியே வந்தாள். முற்றத்தில் அட்டெண்டர் பலகைமேல் ஏறி நின்று, "என்னையும் ஒரு தடவை தூக்குங்கடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். குண்டூசி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டீச்சர்! ஏழெட்டு அம்பத்தாறு! ரேடியோவோட அக்கா சொன்னாங்க!"

"ஏன் அம்பத்தாறு?"

 குண்டூசி "மாட்டிக்கிட்டேன்!" என்று கத்திவிட்டு, தரையில் சப்பென்று உட்கார்ந்து, கூழாங்கற்களைப் பொறுக்கி எட்டெட்டாக வரிசை கட்டத் தொடங்கினாள். தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்து கல் தேடினாள்.