காஞ்சிபுரம் சத்திரத்தில் நான் இடிக்கச் சொன்ன சுவர்

ஊர் ஊராக எழுதுகிறீர்கள், காஞ்சிபுரத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று இரண்டு மூன்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். பழைய கட்டடங்களைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறோம், வழி சொல்லுங்கள் என்று போன வாரமும் ஒருவர் எழுதியிருந்தார். சொல்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த காஞ்சிபுரம், 1973 மே மாதம் நான்கு நாள் தங்கிய காஞ்சிபுரம்தான். அந்த நான்கு நாளில் ஒரு கோயிலுக்குள்ளும் நான் போகவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடும் வேலை. காஞ்சிபுரத்தில் யாத்ரீகர்களுக்காக எப்போதோ கட்டி, பல வருடம் பூட்டிக் கிடந்த ஒரு சத்திரம் எங்கள் கைக்கு வந்திருந்தது. கீழே பட்டுப் புடவைக் கடைகள், மேலே தங்கும் விடுதி என்று மாற்ற வேண்டும். யாரோ கையால் போட்டிருந்த பழைய படம் ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை. தெருப்பக்கம் இருந்த இரண்டு அறைகளை ஒரே கடையாக்க நடுச்சுவரை எடுத்தாக வேண்டும். அந்தச் சுவரில் சிவப்பு மையால் கோடு போட்டு 'இடிக்கவும்' என்று எழுதினேன். எங்கள் கம்பெனி இன்ஜினியர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடைகளுக்கு ஷட்டர் வைக்க அளவெடுத்து வா என்று அதற்குப் பிறகுதான் என்னை அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 5.40-க்குப் பாரிமுனையில் பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய் பத்து காசு. ஸ்ரீபெரும்புதூரில் பத்து நிமிடம் நின்றது, காபி குடித்தேன். 8.15-க்குக் காஞ்சிபுரம். சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு ஐம்பது காசு. பஸ் நிலையத்திலிருந்து சத்திரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். நாளுக்கு மூன்று ரூபாய். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆரோக்கியசாமி மேஸ்திரி. வாலாஜாபாத் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவராக இருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொன்ன கையோடு நடுச்சுவருக்கு அழைத்துப் போனார்.

"மேல பாருங்க சார். இந்தச் செவுத்து மேலதான் உத்தரம் ஒக்காந்துக்கினு இருக்குது. படத்துல இத இடிக்கச் சொல்லி இருக்குது."

அண்ணாந்து பார்த்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த தேக்கு உத்தரங்கள் அந்தச் சுவரில்தான் முடிந்தன. அவற்றின் மேல் நெருக்கமாக மரச் சட்டங்கள், சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கனத்த தளம். நான் தடுப்புச் சுவர் என்று நினைத்து வரைந்தது, கூரை முழுவதையும் தாங்குகிற சுவர். "சென்னைக்குக் கேட்டுச் சொல்றேன், அதுவரை கை வைக்காதீங்க" என்றேன்.

அன்று பகல் முழுவதும் வாசல்களை அளந்துகொண்டிருந்தேன். மணல் சுமந்துகொண்டிருந்த பெண்களில் பாஞ்சாலை என்று ஒருத்தி, முப்பது வயதிருக்கும். பக்கத்து ஓரிக்கை கிராமத்திலிருந்து தினமும் நடந்து வருவாள். நான் தரையில் விரித்து வைத்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இதுல நாம இப்ப எங்க நின்னுக்கினு இருக்கோம் சார்?"

பென்சிலால் தொட்டுக் காட்டினேன். "அம்மாம் பெரிய எடம் இவ்ளோண்டா இருக்குதே" என்று சிரித்தாள். தன் வீட்டுக்காரர் கூலி நெசவு என்றும், இரண்டு பெண் பிள்ளைகள் என்றும், பெரியவள் மூன்றாம் வகுப்பு என்றும் சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றரை மணிக்குத் தபால் ஆபீஸில் டிரங்க் கால் கிடைத்தது. இன்ஜினியரிடம் விவரம் சொன்னேன். வைகாசிக் கருட சேவைக் கூட்டம் வருவதற்குள் கடைகளைத் திறந்தாக வேண்டும் என்று கட்டடத்தின் சொந்தக்காரர் நெருக்குகிறாராம். "முட்டுக் குடுத்துட்டு இடிக்கச் சொல்லு. இதுக்கெல்லாமா போன்?" என்றார். நேரில் வந்து ஒரு முறை பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. படம் தப்பு என்று பேச்சு வந்தால் அது என் தப்பு என்று ஆகும். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து மேஸ்திரியிடம் சொன்னேன்.

"இது நீங்க சொல்றீங்களா சார், இன்ஜினியர் சொல்றாரா?"

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் பத்து சவுக்குக் கம்புகளை உத்தரங்களுக்கு அடியில் நிறுத்தினார்கள். மேஸ்திரி ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். புதன்கிழமை காலை ஏழரைக்குச் சுவரை மேலிருந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். பத்தரை மணி சுமாருக்கு நான் வாசல் பக்கம் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முதலில் சுண்ணாம்புப் பொடி கொட்டியது. பிறகு ஒரு கம்பு சறுக்கும் சத்தம். அது நின்றிருந்த கல்லுக்கு அடியில் பழைய சாக்கடை ஒன்று இருந்தது யாருக்கும் தெரியாது. பாரம் ஏறியதும் கல் சாய்ந்துவிட்டது. "வெளிய வாங்க" என்று மேஸ்திரி கத்தியது கேட்டது. அதற்குள் தளம் இறங்கிவிட்டது.

புழுதி அடங்க வெகு நேரம் ஆனது போல இருந்தது. ஒரு கொத்தனாருக்குக் கை முறிந்திருந்தது. உடைந்த கல்லை அள்ள உள்ளே போன பாஞ்சாலை அடியில் கிடந்தாள். எல்லாருமாகச் செங்கல்லைக் கையால் அள்ளினோம். உத்தரத்தைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு கிலோமீட்டர்தான். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது என்று மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அவர் வண்டியை நிறுத்தவில்லை.

பாஞ்சாலையின் கணவன் வேலு தறியிலிருந்து அப்படியே எழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். சட்டைகூடப் போடவில்லை. அழவும் இல்லை. நின்றிருந்தவர்களைப் பார்த்து, "யாருப்பா இடிக்கச் சொன்னது?" என்று கேட்டார். மேஸ்திரி என்னைக் காட்டியிருக்கலாம். காட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். மத்தியானம் போலீஸ் வந்து மேஸ்திரியை அழைத்துப் போனது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் கம்பெனி மானேஜர் காரில் வந்து லாட்ஜ் கதவைத் தட்டினார். கையில் ஒரு குழல். அதற்குள் புதுப் படம். அதே சத்திரம், அதே அளவு, நடுச்சுவரில் மட்டும் சிவப்புக் கோடு இல்லை. மேஸ்திரியிடம் இருந்த பழைய பிரதியை முதல் நாளே யாரையோ விட்டு எடுத்துக்கொண்டார்களாம்.

"தம்பி, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வரைஞ்சது நீ. மாட்டினா முதல்ல நீதான். இதுல ஒரு கையெழுத்துப் போடு. மேஸ்திரி தானா இடிச்சான்னு முடிஞ்சிடும். அவனை நாங்க பார்த்துக்கறோம்."

போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் பொய். நன்றாகத்தான் போட்டேன்.

பதினொரு மணிக்குத் தாலுகா ஆபீஸில் தாசில்தார் விசாரணை. மேஸ்திரியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மானேஜர் படத்தை மேஜையில் விரித்து, இந்தச் சுவரை இடிக்க எங்கள் படத்தில் இடமே இல்லை என்றார். தாசில்தார் மேஸ்திரியைக் கேட்டார். "படத்துல இருந்த மாதிரிதான் சார் செஞ்சேன். எனக்குப் படிக்க வராது. ஆனா செவப்புக் கோடு தெரியும்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார்" என்றார். அதில் கோபமே இல்லை. நான் உண்மையைத்தான் சொல்வேன் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

"அது ராத்திரி எடுத்த பிரிண்ட்" என்றேன். "முதல் படத்துல அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி எழுதினது நான். இடிக்கலாம்னு வாயால சொன்னதும் நான். உத்தரம் அது மேலதான் இருக்குதுன்னு அவர் முதல்லயே சொன்னார்."

பையன் அதிர்ச்சியில் உளறுகிறான் என்றார் மானேஜர். அப்போதெல்லாம் படங்களை அம்மோனியாப் புகையில் காட்டித்தான் பிரதி எடுப்போம். புதுப் பிரதியில் அந்த நெடி ஒரு நாளாவது இருக்கும். "மோந்து பாருங்க சார். மூணு வாரத்துக்கு முன்னாடி, நான் வரைஞ்சப்பவே எடுத்ததா இருந்தா நெடி இருக்காது" என்றேன். தாசில்தார் படத்தைத் தூக்கி முகத்தருகே வைத்தார். பிறகு அதை மானேஜரிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அன்று மாலை மேஸ்திரியை விட்டுவிட்டார்கள். வாசலில் என்னிடம், "மொதல்ல போன் பேசினீங்களே, படம் தப்புன்னு அப்பவே சொல்லி இருக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நடந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஓரிக்கைக்குப் போனேன். நான்கு கிலோமீட்டர், பாலாறு பக்கம் போகும் சாலை. ரிக்‌ஷாக்காரர் எழுபத்தைந்து காசு கேட்டார், வேண்டாம் என்று நடந்தேன். வேலு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சின்னப் பெண் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் யார், என்ன வரைந்தேன், என்ன சொன்னேன் எல்லாவற்றையும் சொன்னேன்.

"போலீசுல இத சொல்லிட்டீங்களா?"

"தாசில்தார்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க?"

மடியில் தூங்கிய பெண்ணைச் சரியாகக் கிடத்திக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"உங்களுக்கு மனசு லேசாவணும்னு வந்துக்கினீங்க. எனக்கு ஆவாது சார். போயிடுங்க. லீவுக்குப் பாட்டி வூட்டுக்குப் போன பெரிய பொண்ணு வந்துடும், அதுங்கிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

பகல் 1.20 பஸ்ஸில் சென்னைக்குத் திரும்பினேன். வேலை போயிற்று. வழக்கு ஆறு வருடம் நடந்தது. கடைசியில் ஒப்பந்தக்காரருக்கும் எனக்கும் அபராதம். இன்ஜினியர் பெயர் குற்றப்பத்திரிகையிலேயே இல்லை. வழக்கு முடிவதற்கு வெகு முன்பே சத்திரத்தில் கான்கிரீட் தூண்கள் எழுப்பி, கடைகளைத் திறந்து, மேலே விடுதியும் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் உண்மை சொன்னதால் ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போகவில்லை. அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் யாரும் செத்திருக்க வேண்டாம்.

இனி, போகிறவர்களுக்கு. சென்னையிலிருந்து இப்போது பஸ் நிறைய, ரயிலும் உண்டு. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் வேண்டாம், கல் தரையில் கால் வைக்க முடியாது. பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தியிருக்கும், அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள். பழைய வீட்டையோ மண்டபத்தையோ மாற்றிக் கட்டும் இடத்தில் தங்க நேர்ந்தால் அறைக்குள் போவதற்கு முன் கூரையைப் பாருங்கள். முட்டுக் கொடுத்திருந்தால் வேறு இடம் தேடுங்கள். உங்கள் சொந்தப் பழைய வீட்டில் ஒரு சுவரை எடுக்க நினைத்தால், படத்தை நம்பாதீர்கள். மேலே ஏறி, அதன்மீது எது உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். கொத்தனார் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள்.

ஓரிக்கையில் ஒரு மணிமண்டபம் இருக்கிறது, கல் வேலைப்பாட்டுக்காகப் பார்க்கலாம் என்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து டவுன் பஸ் உண்டு, கால் மணி நேரம். நான் அதில் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் கடைசி நிறுத்தம் வரை போய், கீழே இறங்காமல், அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்துவிட்டேன்.