காரில் தூங்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன பிறகு, அவரைச் சுங்கை வேயில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். பகலில் ஓர் இந்தோனேசியப் பெண் வந்து பார்த்துக்கொள்வார். பல் கிளினிக் கவுண்டரில் வேலையை முடித்துவிட்டு நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு எல்லாம் நான்தான். உடம்பு துடைப்பது, பெம்பர்ஸ் மாற்றுவது, கஞ்சியை மசித்து ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் ராத்திரியில் எழுந்து புரட்டிவிடுவது. தூக்குகிற வேலையெல்லாம் என் கணவருக்கு. ஷா ஆலாம் கிடங்கில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, வீட்டில் அம்மாவைத் தூக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கு லீவு. அன்றைக்கு என் நாத்தனார், கணவரின் அக்கா, கிள்ளானைத் தாண்டி மேருவிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“நான் இருக்கேன் லா. நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வாங்க. இப்படியே வீட்டுக்குள்ள கெடந்தா நீங்களும் படுத்துருவீங்க.”

சும்மா சொல்லி விடுகிறவர் இல்லை. சனிக்கிழமையே என் போனுக்கு வீடியோக்கள் வந்துவிடும். எந்தக் குன்றில் ஏறலாம், இறங்கின பிறகு எந்தப் புதுக் கடையில் சாப்பிடலாம் என்று. “ஹைக்கிங் போனா ஸ்ட்ரெஸ் எல்லாம் போயிரும்” என்பார். “போட்டோ அனுப்பு” என்பார்.

எனக்கு வேண்டியிருந்தது தூக்கம் மட்டும்தான். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து தன் அம்மாவுக்கு மலம் துடைக்கிற மனுஷியிடம், ‘நான் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறேன்’ என்று எப்படிச் சொல்வது? கிளம்பினோம்.

முதலில் போனது செமினி பக்கத்தில் ஒரு குன்று. முந்தின நாள் மழையில் பாதை குழைந்து கிடந்தது. வேரைப் பிடித்து, கயிற்றைப் பிடித்து ஏறினோம். கல்லூரிப் பிள்ளைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார்கள். உச்சியில் என் கெண்டைக்கால் தானாகவே நடுங்கியது. சிரித்தபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினோம். உடனே நாத்தனாரிடமிருந்து மூன்று கைதட்டல்கள் வந்தன. பிறகு காஜாங்கில் அவர் சொன்ன கடை. வரிசையில் நின்று, போனில் க்யூஆர் கட்டத்தைப் பிடித்துச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டிய கடை. கூரையிலிருந்து பிரம்புக்கூடை விளக்குகள் தொங்கின. எதிரெதிரே உட்கார்ந்தபோது எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை.

“நேத்து அம்மாவுக்கு மோஷன் போச்சா?” என்றார் கணவர்.

“கொஞ்சம்தான். ரொம்ப கெட்டியா.”

பக்கத்து மேசைப் பெண் கரண்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். தமிழ்ப் பெண்.

அப்படிச் சில வாரங்கள் போயின. காப்பார் ரோட்டுப் பக்கம் ஒரு கடை, கிள்ளானில் வாழை இலை, பிரிக்ஃபீல்ட்ஸில் தோசைக்குள் சீஸ் வைக்கிற கடை. எதன் ருசியும் எனக்கு ஞாபகமில்லை. நாற்காலிகள் ஞாபகமிருக்கின்றன. எந்தக் கடையில் முதுகு சாய்க்க முடிந்தது, எதில் முடியவில்லை என்று இப்போதும் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் கார் நின்றதும் என்னால் கதவைத் திறக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கை எழவில்லை, அவ்வளவுதான்.

“நீங்க ஏறிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்.”

கணவர் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் வைத்துவிட்டுப் போனார். நான் இருக்கையைப் பின்னால் சாய்த்தேன். அப்படி ஒரு தூக்கத்தை நான் பல மாதங்களாகத் தூங்கியிருக்கவில்லை. அவர் வந்து எழுப்பியபோது வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. அதற்கு அடுத்த வாரமும். அவர் அனுப்பிய போட்டோக்களில் மரங்கள் மட்டும் இருந்தன.

“ஏன் நீ போட்டோல இல்ல?” என்று நாத்தனார் கேட்டார்.

“நான்தான் கா எடுத்தேன்” என்றேன்.

பிறகு ஒருநாள், தூங்கி எழுந்தும் அவர் வரவில்லையே என்று பாதையில் தேடிப் போனேன். அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. முதல் வளைவைத் தாண்டி ஒரு சிமெண்டுக் குடில். அதில் கணவர் தூணில் சாய்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினேன்.

“வாராவாரம் இங்கதானா?”

“ரெண்டாவது வாரத்துலேர்ந்து.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மேல போக முடியலமா. பெனாட், ஒடம்பு அசந்துபோச்சு. நீ ஏறச் சொன்ன, நான் எப்படி மாட்டேங்கிறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை. திரும்பி வந்து இருவருமாகக் காரிலேயே தூங்கினோம். இளநீர் விற்கிற மலாய் அம்மா பயந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினார். “ஓக்கே கா, டிக்?” என்று மலாயில் நலம் கேட்டார். நன்றாக இருக்கிறோம் என்று சொல்லி ஆளுக்கொரு இளநீர் வாங்கிக் குடித்தோம்.

இனி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அன்று முடிவுசெய்தோம். அக்காவிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறையிலேயே படுத்துக்கொள்வது. சாப்பிடக்கூடப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தோம்.

உள்ளே நாத்தனாரின் குரல் கேட்டது. மாமியாரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, தன் தோளில் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் யாரையோ அடித்துவிட்டு வந்த பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியாரின் கோணலான வாய் சிரிப்பது போல அசைந்தது. கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

அப்போது நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டார். வாயை மூடிக்கொண்டார். நாத்தனாரின் கையை இடதுகையால் தள்ளினார். என்னைப் பார்த்து, “வா... நீ... நீ குடு” என்றார். சொற்கள் குழறிக் குழறி வந்தன.

“அத்தை, அக்கா குடுக்கிறாங்க இல்ல, சாப்டுங்க” என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நாத்தனார் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். நான் ஊட்டினேன். மறு பேச்சில்லாமல் சாப்பிட்டார்.

முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். நாத்தனார் கழுவின தட்டுகளையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏன் சீக்கிரம் வந்துட்டீங்க?”

நான் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. “மழை வர்ற மாதிரி இருந்துச்சு கா.”

அவர் குழாயை மூடினார். திரும்பாமலே பேசினார். “நீ வீட்ல இருந்தா அம்மா என்கிட்ட சாப்பிட மாட்டேங்கிறாங்க. உன் கைதான் பழக்கம். அதுல தப்பில்ல. ஆனா நான் அவங்க பொண்ணு இல்லையா? நீ இல்லன்னாதான் என் மொகத்தைப் பாக்குறாங்க.” பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்காகத்தான் வெளிய போகச் சொல்றேன்னு நெனச்சியா?” என்று கேட்டார்.

அவர் தோளில் கையை வைத்தேன். தட்டிவிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதற்கு முன்பே கிளம்பித் தயாராக நின்றோம். மலையடியில் இருக்கையைச் சாய்த்துப் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. கணவரும் குடிலுக்குப் போகவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“ஏறுவோமா?” என்றேன்.

“ஏறுவோம்.”

நின்று நின்று, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். உச்சியில் பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. பாறை ஈரமாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்தோம்.

“அக்காவுக்கு வாரத்துல ஒரு நாள்தான் அம்மா கெடைக்கிறாங்க” என்றார் கணவர்.

“ம்.”

இறங்கி, கண்ணில் பட்ட முதல் கடையில் சூடாக எதையோ சாப்பிட்டோம். மழைக்காக ஒதுங்கி, பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்பினோம். நாத்தனார் கிளம்பிக்கொண்டிருந்தார். தலைமுடி கலைந்து, ப்ளவுசில் கஞ்சிக் கறையோடு, என்னைவிடக் களைத்திருந்தார்.

“முழுசா சாப்ட்டாங்க” என்றார், நான் கேட்பதற்கு முன்பே. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் முகம் கழுவிவிட்டு, மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க உள்ளே போனேன்.