சமையல்காரன் இல்லாத ரத்தம்

நான்காம் மாடியில் நோயாளிகளின் ரத்தத்தை வைத்து லாட்டரி ஆடுகிறார்களாம். சலவைப் பிரிவு ஆளின் மைத்துனி யாரிடமோ கேட்டு வந்து சொன்னதாக, அந்த மோந்தேவீதேயோ மருத்துவமனை முழுக்கப் பேச்சு.

பெயர்கள் மட்டும் லாட்டரியுடையவை. நெல்பா பிஸ்ஸோர்னோ இருபத்தாறு வருடமாக அங்கே பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை இனம் பிரிக்கிறாள். செல்லின் மேற்பரப்பிலுள்ள அடையாளங்களுக்கு விஞ்ஞானிகள் எண் போட்டிருக்கிறார்கள். எண்ணுக்கொரு சாயம், ஒட்டினால் அந்த அடையாளம் உண்டு. ஊரிலோ லாட்டரி எண்ணுக்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருந்தது. ஐந்து பூனை, பத்தொன்பது மீன், இருபத்து மூன்று சமையல்காரன். கனவில் மீன் வந்தால் பத்தொன்பதில் பணம் கட்டுகிற ஜனம் வேறெப்படிக் கூப்பிடும்?

மீன் இருந்தால் பி செல். அதன்மேல் பூனையும் கூட்டமாக ஒட்டினால் கோளாறு. பூனை அடுத்த வீட்டுச் சொத்து, வேறு வகைச் செல்லில் இருக்கவேண்டியது. கூடவே சமையல்காரனும் இருந்தால் அநேகமாக மெதுவான புற்று, ஆள் எண்பது வயதுவரை அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு இருக்கலாம். சமையல்காரன் இல்லாவிட்டால் அநேகமாக வேகமானது.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைச் சமையல்காரர் ஒலெகாரியோவின் ரத்தம் வந்தது. பதினோரு வருடமாக நெல்பாவின் தட்டில் ஒரு ரொட்டி கூடுதலாக வைப்பவர். அவள் சாயங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள். போய்த் திரும்பியவள், சாயம் ஒட்டிய செல்களை எண்ணும் இயந்திரத்தருகே இருந்த உதவியாளன் தார்தோவிடம் கேட்டாள்.

"சமையல்காரனப் போட்டியா?"

"போட்டாச்சு ஒல்லி. அப்பவே போட்டாச்சு."

நெல்பா எண்பத்துநாலு கிலோ. வேலையில் சேர்ந்த வருடம் வைத்த பெயர், யாரும் திருத்தவில்லை.

மீன் இருந்தது, பூனை இருந்தது, சமையல்காரன் இல்லை. முடிவில் கையெழுத்துப் போட்டு டாக்டருக்கு அனுப்பினாள். அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.

புதன் காலை குளிர்பெட்டியைத் திறந்தால், இருபத்து மூன்றாம் எண் புட்டி மூடி உடையாமல் நின்றது. பழைய புட்டி திங்களன்றே தீர்ந்திருந்தது.

"நேத்து எதப் போட்ட?"

"சமையல்காரர் ரத்தத்த. மெஷின்ல. நீதான கேட்ட?"

"நான் சாயத்தக் கேட்டேன்."

தார்தோ கொஞ்சம் யோசித்தான். "அந்த மனுஷன் தச்சுவேலைக்குப் போயிருக்கலாம்."

மீதி ரத்தம் இருந்தது. சாயம் விட்டு, அரைமணி இருட்டில் வைத்து, இயந்திரத்தில் ஓட்டினாள். ஆயிரக்கணக்கில் சமையல்காரர்கள் வந்து நின்றார்கள்.

ஊரின் மறுகோடியிலுள்ள சிகிச்சையகத்தில் டாக்டர் எச்சகாராய் பத்து மணிக்கு ஒலெகாரியோவை வரச் சொல்லியிருந்தார். இப்போது பத்து ஐந்து. டாக்டர் நல்ல மனிதர். கெட்ட சேதி சொல்லும்போது கைப்பேசியை மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார்.

நெல்பா டாக்டரின் கைப்பேசி எண்ணை அழுத்தினாள். மணி போய்ப் போய் அறுந்தது. மறுபடி அழுத்தினாள். தார்தோ பக்கத்தில் வந்து நின்றான். மணி போய்க்கொண்டே இருந்தது.