ஒரு ஷிப்டுக்கு ஒன்பது தடவை

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. வெயில், மேகமும் இல்லை, காற்றும் இல்லை. பங்கின் கூரைக்கடியில் பெட்ரோல் வாடை அசையாமல் நின்றது. ஆரப்பாளையம் பக்கத்தில் இருந்த அந்த பங்கில் நான் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். வயது அறுபத்தாறு. முப்பத்தோரு வருடம் மிஷன் பள்ளி ஒன்றில் எழுத்தராக இருந்தேன். அரசு உதவி இல்லாத பிரிவு என்பதால் ஓய்வூதியம் கிடையாது. பங்க்கில் தரும் மாதச் சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறில்தான் நானும் மனைவியும் சாப்பிட்டோம்.

உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு வாரத்துக்கு முன் பங்கில் வேலை செய்யும் எங்கள் ஐந்து பேரிடமும் ஃபார்ம் நிரப்பி வாங்கி, ரத்தம் எடுத்துப்போன மருத்துவர் அம்மா அன்று முடிவோடு வந்தார். ஈயம் எனக்குத்தான் அதிகம். பதினொரு வருடமாக அங்கே நிற்கிற எழுமலைக்கார அம்மாவுக்குக்கூட என்னைவிடக் குறைவு. நான் சேர்ந்து நாலு வருடம்தான்.

"ஈயம் இல்லாத பெட்ரோல்னு சொல்றாங்களே?" என்றேன்.

"துளியாவது இருக்கும் ஐயா. ரோட்டுத் தூசியிலயும் இருக்கு. சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவுறதா ஃபார்ம்ல எழுதியிருக்கீங்க?"

"ஒரு ஷிப்டுக்கு ஒன்பது தடவை. எண்ணி வச்சிருக்கேன்."

"அண்ணே கழுவுற கழுவுல கைரேகையே அழிஞ்சு போச்சு டாக்டரம்மா," என்றார் எழுமலைக்கார அம்மா. "ஜோசியக்காரன் பாத்தா எந்திரிச்சு ஓடிருவான்."

மருத்துவர் சிரிக்கவில்லை. "எங்க, கழுவிக் காட்டுங்க," என்றார்.

பம்புக்குப் பின்னால் இருந்த டப்பாவை எடுத்தேன். பம்ப் குழாயின் நாசிலில் சொட்டுகிற பெட்ரோலை அதில்தான் பிடித்து வைப்போம். கையில் ஊற்றித் தேய்த்து, பழந்துணியில் துடைத்தேன். அங்கே போர்வெல் தண்ணீர் உப்பு; சோப்பு நுரைக்காது. பெட்ரோலில் கழுவினால் பிசுக்கு ஒரே நிமிடத்தில் போய்விடும். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். எனக்கு அழுக்கு ஆகாது என்பதால் நான் கூடுதலாகச் செய்தேன். எதில் கழுவுகிறீர்கள் என்று ஃபார்மில் கேள்வி இல்லை. சொல்லவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

"இதுலயா? இதே கையோட சாப்பிடுவீங்களா?"

"அழுக்கு அம்புட்டும் போயிரும்லம்மா," என்றார் எழுமலைக்கார அம்மா, குரல் இறங்கி.

பெட்ரோல் தோலை வெடிக்க வைக்கிறது, வெடிப்பு வழியாகக் கண்டதும் உள்ளே போகிறது, மிச்சம் சோற்றோடு போகிறது என்றார் மருத்துவர். என் வலது கையில் மட்டும் பதினான்கு வெடிப்பு இருந்தது. மூன்று மாதம் பம்ப் பக்கமே போகக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டைக் காட்டினால் வேலை போகும். இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

"குடுத்துருங்கண்ணே," என்றார் எழுமலைக்கார அம்மா. "கை இப்பவே ஆடுது. ஒருநா எவன் மேலயாவது ஊத்திட்டீங்கன்னா?"

மூன்றாம் நாள் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "உக்காந்து பாக்குற வேலைன்னா இங்க என் வேலை ஒண்ணுதான்ணே இருக்கு. வீட்டுல இருந்துட்டு வாங்க. எடத்தை வச்சிருக்கேன்." சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். இரவுச் சாப்பாட்டை மனைவி எனக்கு மட்டும் போட்டு, தனக்குப் பசியில்லை என்றாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டு தடவை ரத்தம் கொடுத்தேன். இரண்டாவது தடவை ஈயம் குறைந்திருந்தது. கை மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடியது. மேனேஜர் சொன்னபடி இடத்தை வைத்திருந்தார்.

இப்போது வீட்டிலிருந்து இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டுபோகிறேன். எழுமலைக்கார அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன்.

"நான் ரெண்டு பஸ் மாறி வாரேன். குடத்தையும் தூக்கிட்டு வரச் சொல்றீகளாண்ணே?"

என் தண்ணீரில் பாதியை அவருக்கு ஊற்றினேன். அதனால் ஒன்பது தடவை நாலாகிவிட்டது.

வராமல் போன மூன்று மாதச் சம்பளம், இரண்டு பரிசோதனை, அதற்குப் போய்வந்த பஸ், நாலு சோப்பு எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.