மகள் வீட்டில் படுக்கிறவர்

பேரப்பிள்ளை கண்ட ஆண்களைத் தேடிப் போய் எச்.ஐ.வி.யைப் பற்றியும் ஆணுறையைப் பற்றியும் பேசுவது என் தொழில். வாவிக்கரை ஊர்களில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே குந்தியிருந்த கதிரைகள் காலியாகிவிடும். காப்புறுதி விற்றவர்கள், சந்தா வாங்கப் போனவர்கள், யாரும் கேட்க விரும்பாத செய்தியோடு படலை தட்டியவர்கள், உங்களுக்கெல்லாம் என் பாடு விளங்கும். உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

நன்றியுரை

மீனவர் சங்கக் கூட்டம் ஒன்றில் தொண்டை வரளப் பேசினேன். பாதுகாப்பில்லாத உறவால் எந்த வயதிலும் தொற்றலாம், பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம், விஷயம் வெளியே போகாது என்று எல்லாம் சொன்னேன். அறுபதைத் தாண்டிய ஆண்கள் எல்லாரும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சங்கத் தலைவர் எழும்பினார். நோயின் பெயர் அவர் வாயில் வருவதாக இல்லை. செருமிப் பார்த்தார், பிறகும் வரவில்லை. "டெங்கைப் பத்தி நல்ல விளக்கம் தந்த தம்பிக்குச் சங்கத்தின்ட நன்றி. எல்லாரும் வளவில கிடக்கிற சிரட்டையக் கவுத்து வையுங்க."

கண் வாங்கு

அன்று என் மோட்டார் சைக்கிள் வரை பின்னால் வந்தவர் ஒரே ஒருவர்தான். சீனித்தம்பி ஐயா. வாவியில் வலை வீசுகிறவர், பெண்சாதியை இழந்தவர். பரிசோதனை எங்கே என்று என் காதுக்குள் கேட்டார்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் எங்கள் பரிசோதனை அறை வாசலில் காத்திருந்தேன். ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் கண் கிளினிக்குக்கு முன்னால் நீள வாங்கில் குந்தியிருக்கிறார். எங்கள் வாசலில் ஊர்க்காரர் கண்டால் என்னாவது என்று, நான் வந்து கூப்பிடும்வரை அங்கே ஒதுங்கி இருக்க நினைத்தாராம். அதற்குள் அவர்கள் நம்பர் கொடுத்து, உள்ளே கூப்பிட்டு, எழுத்து வாசிக்க வைத்து, கண்ணாடிக்குத் துண்டும் எழுதிவிட்டார்கள். கையைப் பிடித்து எங்கள் பக்கம் கூட்டிப் போனேன். ஆள் பாதி வழியில் நின்றுவிட்டார். "ஒரு நாளைக்கு ஒரு பழுது போதாதா தம்பி?"

முதல் கேள்வி

ஒருவழியாக இரத்தம் கொடுத்தார். தொற்று இருந்தது. எப்படி வந்தது என்று நாங்கள் யாரையும் துருவுவதில்லை, அவரும் சொல்லவில்லை. தினம் மருந்துக் குளிசை போட்டால் மற்றவர்களைப் போல வாழலாம் என்றார் டொக்டர். இந்தச் செய்தியைக் கேட்கிறவர்கள் இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன் என்றுதான் முதலில் கேட்பார்கள். இவர் குளிசைப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே வைப்பது என்று கேட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனம். தான் கட்டிய வீட்டை மகள் புனிதாவின் கலியாணத்தோடு கொடுத்துவிட்டார். இப்போது அங்கே மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். அவருக்கென்று பூட்டிய ஒரு மேசை லாச்சி கூடக் கிடையாது. "மகள்ட வீடு தம்பி. நான் அதில படுக்கிற ஆள்."

மாரி

வாவிக்கரையில் வலை வைக்கும் வாடிக் குடிசையின் கூரை ஓலைக்குள் போத்தலைச் செருகி வைத்தார். விடியத் தொழிலுக்குப் போகும்போது ஒரு குளிசை. சில மாதம் ஒழுங்காக நடந்தது, உடம்பும் தேறியது. பிறகு கார்த்திகை மழை பிடித்தது. வாவி பெருகி வாடிக்குள் தண்ணீர் வந்தது. தொழில் இல்லை, வெளியே போக ஒரு சாட்டும் இல்லை. போத்தல் என்ன ஆனதென்று அவருக்கே தெரியாது.

நான் போனபோது மெலிந்து, இருமிக்கொண்டு பாயில் கிடந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மகள் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றதால் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மழை விடட்டும் தம்பி, மறுகா போடுவன்தானே."

தேத்தண்ணி

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இப்படியே விட்டால் செத்துப்போவீர்கள், மகளிடம் சொல்லுங்கள், அவ உங்களைக் கைவிட மாட்டா என்றேன். வாக்கே கொடுத்தேன். யோசித்துச் சம்மதித்தார். ஆனால் மகள் முன்னால் வாய் திறக்க முடியவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நான் சொன்னேன்.

புனிதா அழுதா. ஏசவில்லை. ஒரே கோப்பையில் குடித்தாலும், ஒன்றாகச் சாப்பிட்டாலும், கட்டிப் பிடித்தாலும் தொற்றாது என்று விளக்கினேன். எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. பிறகு தேத்தண்ணி கொண்டுவந்தா. எனக்குக் கண்ணாடிக் கோப்பை. தகப்பனுக்கு எங்கேயோ கிடந்த ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அம்மப்பாவின் மடியில் ஏறப் போன சின்னவளை மெல்லப் பிடித்து இழுத்தா. நான் பார்த்ததை அவவும் கண்டுவிட்டா. "எனக்கு நல்லா வெளங்குது அண்ணன். ஆனா புள்ளைகள் இரிக்கிற வீடு."

புது அறை

சித்திரை கழிந்து போனேன். வளவின் மூலையில், கிணற்றுக்கு அப்பால், தகரம் போட்ட ஒரு சின்ன அறை எழும்பியிருந்தது. தனிக் கட்டில், தனிக் கோப்பை, தனிக் கக்கூசு. தகப்பனுக்குத் தனி அறை கட்டிக் கொடுத்த மகள் என்று ஊரே புனிதாவைப் புகழ்கிறது. பேரப்பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்கள், கிணற்றடியைத் தாண்டி வரவில்லை.

ஐயா ஒரு குளிசையும் தவறவிடவில்லை. இருமல் நின்றுவிட்டது, டொக்டருக்குச் சந்தோசம். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. வாக்குக் கொடுத்தவன் நானல்லவா. அவர் என்னைத் தேற்றுவதற்காக ஜன்னல் விளிம்பில் இருந்த போத்தலைக் காட்டினார். "இப்ப குளிசைய ஒளிக்கத் தேவல்ல தம்பி. இஞ்ச ஒருத்தரும் வாறல்ல."

எங்கள் தொழிலில், கூட்டாளிகளே, இதைத்தான் நல்ல பலன் என்று சொல்கிறோம்.