குறைத்துச் சொல்ல ஓர் ஆள்

கிள்ளானில் இருக்கும் எங்கள் பூக்கடையில் விலைப்பலகை கிடையாது. நாங்கள் மாலை கட்டி விற்பவர்கள் அல்ல. உதிரிப் பூவைச் சிறு கடைக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுப்பவர்கள். மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும். செவந்தி மலையிலிருந்து லோரியில் இறங்கும். பந்திங், ஜெஞ்சாரோம், பிரிக்பீல்ட்ஸ் என்று பல ஊர்களிலிருந்து எங்களிடம் வாங்குகிறவர்களுக்கு அன்றைய விலையைக் காலையிலேயே போனில் சொல்லிவிட வேண்டும். அந்த விலையை நானும் என் கணவரும் சண்டை போட்டுத்தான் முடிவு செய்வோம்.

பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமான சண்டை. மல்லிகைப் பெட்டியைத் திறந்ததும் நான் இந்த நாட்டுக் காசில் கிலோ நூறு வெள்ளி என்பேன். அவர் எண்பது என்பார்.

"எம்பதுக்குக் குடுத்தா கடை வாடகைய யாரு கட்றது? உங்க மாமனாரா?"

"நூறுக்கு வாங்கி அதுங்க எவ்ளோக்கு விக்கும்? அதுங்களுக்கும் வயிறு இருக்குலா."

கடைசியில் தொண்ணூறுக்குக் கீழே எங்காவது வந்து நிற்கும். அவர் எப்படியும் குறைப்பார் என்று தெரிந்துதான் நான் கூட்டிச் சொல்வேன். நான் கூட்டிச் சொல்வேன் என்று தெரிந்துதான் அவரும் அடிமாட்டு விலை சொல்வார். இரண்டுமே உண்மையான விலை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாள்கூட நேராக விலை பேசியதில்லை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, அப்படியே பழகிவிட்டது.

போன வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு அவர் போய்விட்டார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே நான் கடையைத் திறந்தேன். வந்த சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும், வீட்டில் அவர் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

பெட்டியைத் திறந்தேன். வாயில் வந்த விலையைப் போனில் சொன்னேன். எல்லாரும் "சரிக்கா" என்றார்கள். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதது எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

பிரிக்பீல்ட்ஸில் கடைவரிசைக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் கடை போட்டிருந்த ஒருத்தி எங்களிடம் நிறைய நாளாக வாங்குகிறவள். என்னைவிட இளையவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்த ஒரு மேசையை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தாள். அவள் எடுக்கிற பூ வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. வியாபாரம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு போனையும் எடுக்காமல் விட்டாள். மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் ரயிலேறிப் போனேன்.

மேசை காலியாக இருந்தது. குடையை மடக்கிக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"செமினியில ஃபேக்டரி வேலை கெடச்சிருக்குக்கா. நாளையிலேர்ந்து போறேன்."

"ஏன்? நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு?"

அவள் சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை.

"உங்க வெலைக்கு வாங்கி விக்க முடியலக்கா. கையிலேர்ந்து போட்டு ஓட்னேன், இதுக்கு மேல முடியல."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அண்ணே போன வீட்ல வெலைய கொறைங்கன்னு எப்படிக்கா கேக்குறது? தனியா ஆயிட்டீங்க, செலவு இருக்கும்னு நெனச்சோம். யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் பேசி வச்சிக்கிட்டோம்."

அவள் சுற்றிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது என் வெலையே இல்லடி. அவரு கொறைப்பாருன்னு கூட்டிச் சொல்ற வெல."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "எங்களுக்கு எப்படிக்கா தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்ச வெலதானே எங்களுக்கு வரும்?"

நாளையிலிருந்து குறைத்துத் தருகிறேன், கடையை விட்டுவிடாதே என்று கெஞ்சினேன். இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றாள். அதைச் சொல்லும்போதும் தப்பு அவளுடையது என்பது போலத்தான் சொன்னாள், அதை என்னால் தாங்க முடியவில்லை.

எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டது நியாயம்தானே. நான் சொல்வதில் எவ்வளவைத் தள்ளிவிட்டுக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் இல்லாமல் இத்தனை வாரமாக நான் பாதிப் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். காரியத்தன்றுகூட வாய்விட்டு அழாதவள், அந்த ஐந்தடியில் போகிற வருகிறவர்கள் பார்க்க உட்கார்ந்து அழுதேன்.